டக்கு புடிச்ச பாவாடையும் ஒம்பது வயசுத் தையல்காரியும்

புள்ளைங்களுக்கு தையல் சொல்லிக் குடுக்கறதுன்னா எல்லாரும் கர்சீப்புல ஆரம்பிப்பாங்க, இல்லன்னா பொம்மைக்குச் சட்டை. எனக்கு ரெண்டுமே புடிக்காது. கர்சீப்பு ஓரம் மடிக்கிறது பெரியவங்களுக்கே சள்ளை புடிச்ச வேலை, நாலு மூலையும் தடிச்சுகிட்டு நிக்கும், பொம்மைச் சட்டை அதவிட மோசம், விரல் நுழையாத அளவுல வளைவு வளைவா ஓட்டணும். புள்ளைக்கு வேண்டியது பெருசா, நேரா, தச்சு முடிச்சா தானே எடுத்துப் போட்டுக்கற மாதிரி ஒண்ணு. அதனால லீவுக்கு அக்கா மக வந்தப்ப நேரா முழுப் பாவாடையில எறங்கிட்டோம், அதுவும் ரெண்டு டக்கு வச்ச பாவாடை.

டக்குன்னா, பாவாடையோட கீழ்ப்பக்கம் குறுக்கால ஒரு மடிப்பு மடிச்சு சுத்திலும் ஒரு தையல் ஓட்டி விட்டுருவாங்க, புள்ள வளர வளர அந்தத் தையலப் பிரிச்சு விட்டா நீளம் எறங்கும். பட்டுப்பாவாடைக்கு இன்னிக்கும் வைக்கிறாங்க, சாதாப் பருத்திப் பாவாடைக்கு வைக்கிற பழக்கந்தான் கொறஞ்சு போச்சு, எங்கம்மா எங்க ரெண்டு பேருக்கும் டக்கு இல்லாம ஒரு பாவாடை தச்சதே கெடையாது. இந்த வயசுல புள்ளைங்க வருசத்துக்கு அஞ்சாறு சென்டிமீட்டர் வளருதுங்க, அதாவது ரெண்டு இன்ச்சு கிட்ட, ஒரு இன்ச்சு டக்கைப் பிரிச்சா சரியா ரெண்டு இன்ச்சு எறங்கும். ஆனா நான் டக்கு வச்சதுக்கு நீளம் மட்டும் காரணம் இல்ல. பாவாடையோட சுத்தளவு 70 இன்ச்சு, ரெண்டு டக்குன்னா 140 இன்ச்சு நேர்த்தையல், பழகறதுக்கு இதவிட நீளமான ரோடு எங்க கிடைக்கும்? அதோட அது எப்படியும் ஒரு நாள் பிரிக்கப்போற தையல், கோணலாப் போனாலும் யாருக்கும் ஒண்ணும் குடி முழுகாது. பழகற கையோட தையல் எல்லாம் டக்குல போகட்டும், பாரம் தாங்கற தையல் கை வந்ததுக்கப்புறம் போடட்டும்ங்கறதுதான் என் கணக்கு.

மெஷின் அம்மாவோடது, கால்ல மிதிக்கிற கருப்பு மெஷின், அம்மா கல்யாணத்துக்கு அப்பிச்சி, அதாவது அம்மாவோட அப்பா, வாங்கிக் குடுத்தது. மோட்டார் மாட்டிறலாமேன்னு மாமா கேட்டாரு, வேண்டவே வேண்டாம்னுட்டேன். மோட்டாரு லேசாத் தொட்டாலே ஓடும், பழகாத புள்ள பயந்துக்கும், மிதி மெஷின்ல வேகம் முழுக்க அவ கால்ல இருக்குது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஊசித் தட்டைக் கழட்டி துணிய நகத்தற பல்லுக்கு நடுவுல அடைஞ்சிருந்த பஞ்சை பிரஷ்ல எடுத்துட்டு, ஓட்டை ஓட்டையா மெஷின் ஆயில் விட்டு, பெல்ட்டு தொளதொளன்னு நழுவுச்சு, கிளிப்பைக் கழட்டி அரை இன்ச்சு வெட்டி மறுபடி கோத்தேன். ஆயில் விட்டா சும்மா பழைய துணியில கொஞ்ச நேரம் ஓட்டி விடணும், இல்லன்னா மொதல் தையல்லயே புதுத்துணியில கறை.

மொதல் பாடத்துல ஊசியும் இல்ல நூலும் இல்ல. கைச்சக்கரத்துக்கு நடுவுல ஒரு திருகு இருக்கும்ல, பாபின்ல, அதாவது அடிநூல் உருளையில, நூல் சுத்தறப்ப லூஸ் பண்ணுவமே, அதை லூஸ் பண்ணி விட்டா சக்கரம் மட்டும் சுத்தும், ஊசி அசையாது. அப்படி விட்டு வெறுமனே மிதிக்கச் சொன்னேன். கேக்கறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா முழு வித்தையும் அங்கதான் இருக்குது. சக்கரத்தோட மேல்பக்கம் நம்மளப் பாத்து வரணும், கையால ஒரு தள்ளு தள்ளி விட்டு அந்த ஓட்டத்துலயே காலும் சேந்துக்கணும், காலு ஒரு நொடி தயங்குனா சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்திரும், நூல் கோத்திருக்கறப்ப அப்படிச் சுத்துனா நூல் அடியில போயி சிக்கிக்கும், அறுந்தும் போகும். ரெண்டு காலையும் வச்சு, ஒண்ணு கொஞ்சம் முன்ன ஒண்ணு கொஞ்சம் பின்ன, குதிகாலும் முன்னங்காலும் மாத்தி மாத்தி. அவ உசரத்துக்கு சமையக்கட்டு முக்காலிதான் ஒத்து வந்துச்சு. நிறுத்தறதுக்கு கால மட்டும் நம்பக்கூடாது, வலது கை சக்கரத்து மேல போகணும். இந்த "போ, நில்லு, போ, நில்லு" வெளையாட்டுல அவளுக்கே சிரிப்பு, எதிர்ப்பக்கம் சுத்துனா ஒரு பாயின்ட் போச்சுன்னு அவளே ரூல் போட்டுகிட்டா. தலைமுடியை இறுக்கிப் பின்னிக்கணும், துப்பட்டா சால்வை எதுவும் மெஷின் பக்கம் வரக்கூடாது, இது மட்டும் வெளையாட்டு இல்லன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்.

அடுத்தது காகிதம். கோடு போட்ட நோட்டுப் பேப்பரை ஃபுட்டுக்கு, அதாவது துணிய அழுத்திப் புடிக்கற காலுக்கு, அடியில வச்சு, நூல் இல்லாம, கோட்டு மேல ஓட்டணும். பேப்பர் ஊசியை மழுக்கிரும், அதனால தூக்கிப் போடற ஊசி ஒண்ணை இதுக்குன்னே மாட்டணும். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா ஓட்டை வரிசை கோட்டுல இருக்குதா வெளிய போச்சான்னு அவளுக்கே தெரியும், நாம வாயத் தொறக்க வேண்டியதில்ல. எல்லாப் புள்ளைங்களும் ஊசியவே பாக்கும், அது மேலயும் கீழயும் போறது வேடிக்கையா இருக்கும்ல. ஊசியப் பாத்தா கோடு வளையும். தண்ணிக்கொடம் தூக்கிட்டு நடக்கறவங்க கால் வெரலயா பாத்துகிட்டு நடக்கறாங்க? அந்த மாதிரி ஃபுட்டுக்கு முன்னாடி துணி வர்ற எடத்தப் பாருன்னேன். ஊசியில இருந்து வலது பக்கம் அரை இன்ச்சு அளந்து தட்டு மேல கரன்ட்டு வேலைக்கு ஒட்டற கருப்பு டேப்பு ஒரு துண்டு ஒட்டி விட்டேன், துணி ஓரம் அந்த டேப்பை ஒரசிகிட்டே போகணும், அவ்வளவுதான்.

நூல் கோக்கறப்ப ஒரு கேள்வி கேட்டா, "சித்தி, கை ஊசிக்கு ஓட்டை மேல இருக்குது, இதுக்கு ஏன் மொனையில இருக்குது?" நல்ல கேள்வி. இடது பக்கம் இருக்கற மூடியத் தள்ளி விட்டு, சக்கரத்தைக் கையால மெதுவா சுத்திக் காட்டினேன். ஊசி முழுசா கீழ எறங்கி துளி மேல ஏறறப்ப நூல் ஒரு சின்னக் கண்ணி போடும், அந்தக் கண்ணியில பாபினைத் தாங்கற ஷட்டிலோட மூக்கு நுழைஞ்சு பாபினைச் சுத்தி இழுத்துகிட்டு வரும், மேல் நூலும் கீழ் நூலும் துணிக்கு நடுவுல பின்னிக்கும். ஓட்டை மேல இருந்தா ஊசி முழுசாத் துணியத் தாண்டிப் போயித் திரும்பி வரணும், எந்திரத்துக்கு அது ஆகாது. அமெரிக்காவுல எலியாஸ் ஹோவ்ங்கறவரு 1846ல காப்புரிமை வாங்குன மெஷின்லயே மொனையில ஓட்டையும் அடியில ஓடற ரெண்டாவது நூலும் இருந்துச்சு, 1851ல சிங்கரும் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினாரு, இன்னிக்கும் அம்மாவோட மெஷின் அதே வேலையத்தான் செய்யுது. அவளுக்கு வருசமெல்லாம் ஏறல, மூக்கு கண்ணியப் புடிக்கறதுதான் புடிச்சிருந்துச்சு, திரும்பத் திரும்ப அதையே சுத்திப் பாத்துகிட்டிருந்தா.

இதைக் காட்டி வச்சது பின்னாடி ரொம்ப உபயோகமாச்சு. காடாத் துணியில மொத மொத நூலோட ஓட்டுனப்ப துணிக்கு அடியில குருவிக்கூடு கட்டிருச்சு. அடியில சிக்கல்னா எல்லாரும் பாபினைத்தான் திட்டுவாங்க, ஆனா அடியில நூல் தொங்குனா குத்தம் பெரும்பாலும் மேல் நூல்ல இருக்கும், மேல நூல் தொங்குனா கீழ. பாத்தா ஃபுட்டை எறக்கி வச்சுகிட்டே நூல் கோத்திருக்கா, அப்ப மேல் நூலை இறுக்கிப் புடிக்கற டென்ஷன் வட்டு ரெண்டும் இறுகி மூடியிருக்கும், நூல் அதுக்குள்ள எறங்காது. ஃபுட்டைத் தூக்கிட்டு கோக்கணும், எறக்கிட்டு ஓட்டணும். இன்னொண்ணு, ஆரம்பிக்கறப்ப ரெண்டு நூலையும் ஃபுட்டுக்குப் பின்னாடி இழுத்து வெரலால புடிச்சுக்கணும், முடிக்கறப்ப நூல் தூக்கற கொக்கி உச்சியில நிக்கறப்பத்தான் துணிய இழுக்கணும். தையல் விட்டு விட்டு விழுந்தா ஊசி வளைஞ்சிருக்கும் இல்ல மாத்தி மாட்டியிருக்கும், எங்க மெஷின்ல தட்டைப் பக்கம் இடது கைப்பக்கம் வரணும், உங்களோடதுல எப்படின்னு பழைய ஊசியக் கழட்டறதுக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கங்க.

துணி ஈரோடு கனி மார்க்கெட்ல எடுத்தது. திங்கக்கெழம ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாக்கெழம வரைக்கும் சந்தை நடக்கும், கூட்டத்துல புள்ளையக் கூட்டிட்டுப் போறது செரமந்தான், ஆனா துணிய அவ தொட்டுப் பாத்து எடுக்கணும்னு கூட்டிட்டுப் போனேன். அவ கண்ணு முழுக்க வழவழன்னு மின்னற சாட்டின் மேல. அது கையில நிக்காது கண்ணு, ஊசி போறதுக்குள்ள அது போயிரும்னு சொல்லி பாப்ளினுக்கு இழுத்துட்டு வந்தேன், கத்திரிப்பூக் கலர், 36 பன்னா, அதாவது துணி அகலம் 36 இன்ச்சு, நீளம் ரெண்டேகால் மீட்டர். பழகறதுக்கு காடாத் துணி ஒரு மீட்டர் தனியா.

வெட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு, நெழல்ல காயவச்சு, இஸ்திரி போட்டுறணும், இதை நிறைய பேரு விட்டுடறாங்க. ரெண்டேகால் மீட்டர்னா எண்பத்தெட்டரை இன்ச்சு, கஞ்சி போயி காஞ்சதுக்கப்புறம் அளந்தா 86 தான் இருந்துச்சு. தச்சு முடிச்சதுக்கப்புறம் சுருங்கியிருந்தா பாவாடை நீளத்துல ஒரு இன்ச்சு கிட்ட போயிருக்கும், பாதி டக்கு அப்படியே காணாமப் போன மாதிரி.

கணக்கு இப்படி. தச்சு முடிச்ச நீளம் 30 வேணும், ரெண்டு டக்குக்கு தலா 2ன்னு 4, கீழ்மடிப்புக்கு ரெண்டரை, மேல பட்டியோட சேக்க அரை, மொத்தம் 37. முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணு, 74. மிச்சம் 12ல இடுப்புப் பட்டிக்கு 4, இன்னும் 8 இன்ச்சு அகலத் துண்டு ஒண்ணு பாக்கி. அதைப் பாத்ததும், "அப்ப பாக்கெட் வச்சுறலாமா?" பாவாடைக்கு பாக்கெட்டான்னு அம்மா மூக்குல வெரல் வச்சாங்க. ஏன் கூடாது, பையனுங்க டிராயருக்கு நாலு பாக்கெட் வைக்கிறோம். ஒண்ணே ஒண்ணு, வலது பக்கம், அப்படின்னு பேரம் முடிஞ்சுது.

கத்திரிக்கு அதிகமா வேலையே இல்ல. பாப்ளின் நேரா கிழியும், ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு குடுத்துட்டு ரெண்டு கையாலயும் புடிச்சு சர்ர்ருன்னு இழுத்தா ஊடைநூல், அதாவது குறுக்கு நூல், போற வழியில கிழிஞ்சுகிட்டே போகும், சாக்பீஸ் கோட்டைவிட நேரா வரும். அந்தச் சத்தத்துக்கு பக்கத்து வீட்டு வாண்டு எல்லாம் வந்து நின்னு எனக்கு எனக்குன்னு கை நீட்டுச்சுங்க. கட்டம் போட்ட துணிக்கு மட்டும் இதைச் செய்யாதீங்க, கட்டம் அச்சடிச்சதா இருந்தா கட்டம் ஒரு பக்கம் இழை ஒரு பக்கம் போகும்.

முழுப் பன்னாவையும் அப்படியே வச்சதுல ஒரு சௌகரியம், ரெண்டு பக்க மூட்டுலயும் துணியோட கரைதான் வரும், நூல் பிரியாது, ஓவர்லாக் வேண்டியதில்ல. பாக்கெட்டுக்கு ஆறுக்கு எட்டுல ரெண்டு துண்டு, மேல்விளிம்புல இருந்து ரெண்டு இன்ச்சு தள்ளி முன்துணிக்கு ஒண்ணு பின்துணிக்கு ஒண்ணு, நல்லபக்கமும் நல்லபக்கமும் பாத்த மாதிரி வச்சு ஓட்டி, வெளிய திருப்பிட்டு, பக்க மூட்டுத் தையல் போறப்ப வாய்க்கு அஞ்சு இன்ச்சு விட்டுட்டு பையச் சுத்தி வளைச்சுகிட்டுப் போகணும். மூலையில திரும்பறதுதான் அவ கத்துகிட்டதுலயே அவளுக்குப் பெருமையான விஷயம்: ஊசிய துணிக்குள்ள எறக்கி வச்சுட்டு ஃபுட்டைத் தூக்கு, துணியத் திருப்பு, ஃபுட்டை எறக்கு, போ. ஊசி மேல இருக்கறப்ப திருப்புனா துணி எடம் மாறிரும். இந்தப் பாக்கெட் பக்கத்தை மட்டும் நான் சக்கரத்துல கை வச்சுகிட்டேன், துணி முழுக்க அவ கையிலதான். அவ கையில இருக்கற துணிய "இங்க குடு"ன்னு வாங்கி நாம தச்சுக் குடுக்கறது அவளுக்குச் செய்யற உதவி இல்ல, அதுக்கப்புறம் ஒவ்வொரு மூலைக்கும் நம்ம மூஞ்சியப் பாக்கும்.

இப்ப டக்கு. ரெண்டு பக்கமும் மூட்டினதுக்கப்புறந்தான் டக்கு புடிக்கணும், இது முக்கியம். தட்டையா இருக்கறப்ப தைக்கறது சுலபம்னு ஒரு பக்கம் மட்டும் மூட்டிட்டு டக்கு ஓட்டிட்டு அப்புறம் இன்னொரு பக்கம் மூட்டுனா, டக்கோட நுனி அந்த மூட்டுக்குள்ள மாட்டிக்கும், அடுத்த வருசம் டக்கைப் பிரிக்க பக்கத் தையலையும் பிரிக்க வேண்டியிருக்கும். கீழ்மடிப்பை மொதல்ல இஸ்திரியில மடிச்சு நிறுத்திட்டு, கீழ் விளிம்புல இருந்து 6, 7, 8 இன்ச்சுல மூணு கோடு, அப்புறம் ஒம்பதரை, பத்தரை, பதினொண்ணரையில மூணு கோடு. நடுக்கோட்டுல மடிச்சா மேல்கோடும் கீழ்க்கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும், அந்தக் கோட்டுல தையல். தச்சு முடிச்சுப் பாத்தா ரெண்டு டக்குக்கும் நடுவுல அரை இன்ச்சு எடைவெளி தெரியும், கீழ் டக்கு மடிப்புத் தையலை மறைக்காது. டேப்பை அரை இன்ச்சுல இருந்து ஒரு இன்ச்சுக்கு மாத்தி ஒட்டிட்டு, தையல் நீளத்தைப் பெருசாக்கி விட்டேன், பெரிய தையல்னா பின்னாடி பிரிக்க லேசு.

மஞ்சள் நூல்தான் வேணும்னா. கத்திரிப்பூ மேல மஞ்சள், அவ விருப்பம். மஞ்சள்ல கோணல் நல்லாத் தெரியும், அதுவும் நல்லதுதான்னு விட்டுட்டேன். மொத ஒரு அடி நேரா போச்சு, அப்புறம் ஜன்னல்ல யாரோ கூப்புட, காலு ஓட கண்ணு வெளிய, தையல் வாய்க்காத்தண்ணி மாதிரி வளைஞ்சு போயி திரும்பி வந்துச்சு.

"சித்தி, கோணையாப் போயிருச்சு, பிரிச்சுறட்டா?"

"விடு கண்ணு, எப்படியும் அடுத்த வருசம் பிரிக்கத்தான போறோம்."

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப அடுத்த வருசமும் நானேதான் பிரிப்பேன்"னு சொல்லிட்டு மிதிக்க ஆரம்பிச்சுட்டா. ரெண்டாவது டக்கு முக்கால்வாசி டேப்பை விட்டு விலகல, மூட்டு வர்ற எடத்துல மட்டும் தடிப்பு ஏறி எறங்கறப்ப ஆட்டம் கண்டுச்சு, அங்க கையால சக்கரத்தைச் சுத்திக் கடக்கணும்னு அவளே கண்டுபுடிச்சா. பிரிக்கிறதும் அன்னிக்கே சொல்லிக் குடுத்தேன், காடாத் துணியில. பிளேடு கூடவே கூடாது. நூல் வெட்டற சின்னக் கட்டர்ல ஒரு பக்கம் நாலஞ்சு தையலுக்கு ஒண்ணா வெட்டிகிட்டே போயி, மறுபக்கம் திருப்பி நூலை இழுத்தா முழுசா உருவிகிட்டு வரும், துணியில ஓட்டை விழாது.

இடுப்புக்கு வந்தா வீட்ல சின்னப் பஞ்சாயத்து. "நாடா வெக்கோணும், எலாஸ்டிக் வெச்சா இடுப்புல கோடு உழுந்துரும்"னாங்க அம்மா. அவங்க சொல்றதுல ஞாயம் இருக்குது, ஆனா ஸ்கூல் பாத்ரூம்ல நாடா முடிச்சு விழுந்து அழுத கதை எனக்கும் அக்காவுக்கும் உண்டு. ஒரு இன்ச்சு அகல எலாஸ்டிக், இறுக்கமா இல்லாம, இடுப்பு 22க்கு 20 இன்ச்சு, சேத்துத் தைக்க ஒரு இன்ச்சு கூட. பட்டி 36 இன்ச்சுத் துண்டை வட்டமா மூட்டுனா 35, இடுப்புக்குக் கீழ சுலபமா எறங்கும், ஜிப்பு கொக்கி ஒண்ணும் தேவையில்ல. பாவாடை 70, பட்டி 35, சரி பாதி. எவ்வளவு சுருக்கணும்னு இன்ச்சு டேப்பே எடுக்க வேண்டாம், ரெண்டையும் நாலா மடிச்சு மடிப்புல ஒரு குண்டூசி, குண்டூசிக்கு நேரா குண்டூசி. பள்ளிக்கூடத்துல பின்னம் வராதுன்னு அக்கா சொன்ன புள்ள, கால் வட்டத்துக்குக் கால் வட்டம்னு தானா சொல்லிகிட்டே குத்துச்சு.

சுருக்கத்துக்கு இருக்கறதுலயே பெரிய தையல்ல ரெண்டு வரிசை, விளிம்புல இருந்து கால் இன்ச்சுல ஒண்ணு, அதுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி இன்னொண்ணு, டென்ஷனைத் துளி தளத்தி விட்டு, மூட்டுக்கு மூட்டு நிறுத்தி நிறுத்தி. அப்புறம் கீழ் நூல் ரெண்டையும் சேத்துப் புடிச்சு இழுத்தா துணி தானா சுருங்கி நெளிநெளியாக் குமியும். ஒரே இழுப்பா இழுத்தா நூல் அறுந்துரும், ரெண்டு மூலையில இருந்தும் நடுவுக்குத் தள்ளணும். சுருக்கத்தோட பட்டிய மூட்டற தையலை நான் தச்சேன், அது இடுப்புல பாரம் தாங்கற எடம், சுருக்கம் மடிஞ்சு மாட்டிக்காம ஓட்ட பழகுன கை வேணும். அப்புறம் மறுவிளிம்பை அரை இன்ச்சு உள்ள மடிச்சு, பட்டியப் பாதியா மடக்கி, பின்பக்கம் ரெண்டு இன்ச்சு வாய் விட்டுட்டு அவ ஓட்டி முடிச்சா. எலாஸ்டிக் நுனியில ஊக்கு மாட்டி உள்ள விட்டுத் தள்ளறதுக்கு அவ வெரல்தான் சரி. மறு நுனிய பட்டி வாய்ல இன்னொரு ஊக்கால குத்தி வச்சுறணும், இல்லன்னா அதுவும் உள்ள போயிரும்.

கீழ்மடிப்பு ஹெம்மிங் கையால, இன்னும் நடந்துகிட்டு இருக்குது, ஊருக்குப் போறப்ப ஊசி நூலோட எடுத்துட்டுப் போயிருக்கா. பட்டி வாய நான் மூடல, துவைச்சதுக்கப்புறம் எலாஸ்டிக் இறுக்கினாலோ தளந்தாலோ வெளிய இழுத்துச் சரி பண்ணிட்டு அப்புறம் மூடிக்கலாம்னு அக்காகிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன். இன்னும் ரெண்டு சொன்னேன். டக்கைப் பிரிக்கறப்ப மடிப்புக்கு உள்ள இருந்த துணி வெளுக்காம பட்டையாத் தெரியும், தையல் இருந்த எடத்துல ஒரு கோடும் நிக்கும், அது மேல நெளி லேஸ் ஒரு சுத்து ஓட்டி விட்டா யாரும் கண்டுபுடிக்க முடியாது. பாக்கெட் போக மிச்சமான துண்டு இருக்குதே, அதை பீரோவுல மடிச்சு வச்சுறாம பாவாடை துவைக்கறப்பல்லாம் கூடவே துவைச்சுக் காயப் போடணும், ரெண்டும் ஒண்ணா வெளுத்தாத்தான் கிழிஞ்சா போடற ஒட்டு ஒட்டா தெரியாம இருக்கும்.